துரு மூன்று இடம்

துப்பாக்கியை வயர் கூடையில் போட்டு, அதன் மேல் தூக்குவாளியை வைத்து, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற ஒரு மனுஷியை என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன் என்றால் அது இருசம்மாள் அக்காதான். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. லைசென்ஸும் அவர் பேரில்தான். ஆனாலும் அந்தக் கூடையை அவர் என் மேஜை மேல் வைக்கும்போதெல்லாம் நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன்.

குன்னம் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டர், ஒரு கட்டு கார்பன் தாள். இதுதான் அமிர்தலிங்கமாகிய என் பிழைப்பு. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று சுற்றுவட்டாரத்துக் குறையெல்லாம் என் விரல் வழியாகத்தான் உள்ளே போகும். துப்பாக்கி விஷயமாக என்னிடம் வந்தவர்கள் மொத்தம் நாலைந்து பேர். அதில் பெண் இவர் ஒருவர்.

2003ஆம் வருஷம், ஐப்பசி மாதம். இரண்டு நாள் மழை அடித்து அன்றைக்குத்தான் விட்டிருந்தது. அக்கா நேராக வெங்காயக் கொல்லையிலிருந்து வந்திருந்தார். கெண்டைக்கால் வரை கரிசல் மண் காய்ந்து வெடித்திருந்தது. இருபது பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய் ஒரே நாளில் இரண்டு ஏக்கருக்குச் சின்ன வெங்காயம் ஊன்றிக் கொடுப்பார். குனிந்தால் வரப்பு வந்துதான் நிமிர்வார். ஐம்பத்திரண்டு வயது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

“தம்பி, இந்தப் பேப்பர என்னான்னு பாரு.”

பார்த்தேன். டிசம்பரோடு லைசென்ஸ் முடிகிறது. நவம்பர் இருபத்தாறாம் தேதி ஆயுதத்துடன் நேரில் வரவும்.

“மூணு வருசத்துக்கு ஒருக்கா வர்றதுதானக்கா. இதுல என்னா இருக்கு?”

“என்னாவா? போன தடவ அந்த ஆபீசரு பூதக்கண்ணாடிய வெச்சுப் பாத்துட்டு என்னா சொன்னாரு? கடைசி ரெண்டு நம்பரு மங்கிப் போச்சு, அடுத்த தடவ சுத்தமா தெரியணும், இல்லாட்டி துப்பாக்கிய வாங்கி உள்ள வெச்சிடுவோம்னாரா இல்லியா? நீயும்தான பக்கத்துல நின்ன. இப்ப பாரு.”

தூக்குவாளியைக் கீழே இறக்கிவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்தார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை.

இங்கிலாந்தில் செய்த ஆறு குண்டு ரிவால்வர். எண்ணெய் பூசிய கருநீல இரும்பு. வைத்திருந்தவர் எப்படி வைத்திருந்தார் என்பது எனக்கே தெரியும்படி அப்படியொரு வழுவழுப்பு. ஆனால் வலது பக்கத்தில் மட்டும் மூன்று இடத்தில், அம்மைத் தழும்பு போலச் சிவந்த குழிகள். குழல் மேல் ஒன்று, கைப்பிடிக்கு மேலே ஒன்று, நடுவில் ஒன்று. அந்த நடுக் குழிதான் வினை. துப்பாக்கியின் எண் அங்கேதான் அடித்திருந்தது. 743 வரைக்கும் படிக்க முடிந்தது. அதற்கு மேல் இருந்த இரண்டு எண்ணையும் துரு தின்றுவிட்டது.

“எல்லாம் இந்தக் கை பண்ண வேல,” என்று வலது கையை நீட்டிக் காட்டினார் அக்கா. “ஆயுத பூசைக்கு ஆயுத பூசை, இது மேல சந்தனத்த வெச்சு, குங்குமத்த வெச்சு, படைச்சத மறுநாள் வரைக்கும் தொடக்கூடாதுன்னு அப்படியே வுட்டு வெச்சு. வருசா வருசம் அதே எடம். இரும்ப சந்தனம் திங்கும்னு எனக்கு எவன் சொன்னான்?”

இங்கே ராசாங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர். பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் ஹவில்தாராக இருந்தவர். துப்பாக்கியில் ஒரு துருப் புள்ளி தெரிந்தால் சிப்பாயை வெயிலில் நிறுத்திவிடுவாராம். அவருடைய அப்பாவும் தாத்தாவும் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாமல் ஊராருக்கு உழைத்துக் கொட்டியவர்கள். எழுபத்திரண்டில் ஊருக்குத் திரும்பியவர், பெரிய தெருவில் சைக்கிளை விட்டு இறங்காமல் போனாராம். காலை வெட்டுவோம் என்று நான்கு பேர் வீடு வரை வந்து கத்திவிட்டுப் போனார்கள். மனுஷன் பதிலுக்குக் கத்தவில்லை. ஒரு மனு எழுதினார். உயிருக்கு ஆபத்து, முன்னாள் ராணுவத்தினன், கைத்துப்பாக்கி உரிமம் வேண்டும். ஒரு வருஷம் நடையாய் நடந்து வாங்கினார். திருச்சியில் ஓய்வுபெற்ற ஓர் அதிகாரியிடமிருந்து முறைப்படி இந்த ரிவால்வரைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு, சைக்கிளில் அதே தெரு வழியாக வந்தார். அதன் பிறகு அவர் சைக்கிளை யாரும் கேட்கவில்லை. சாகிற வரைக்கும் அந்தத் துப்பாக்கியால் அவர் ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை.

ஆனால் அக்காவுக்கு அந்தச் சைக்கிள் கதை பெரிதில்லை. பெஞ்சுதான் பெரிது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எங்கள் ஸ்டேஷன் எல்லைக்குள் பதினான்கு துப்பாக்கிகள். பதின்மூன்று பண்ணைக்காரர்களும் ராசாங்கமும். ஸ்டேஷன் தாழ்வாரத்தில் நீளமாக ஒரு மரப்பெஞ்சு. வரிசைப்படி பெயர் கூப்பிடும்வரை எல்லாரும் அதில்தான் உட்கார வேண்டும். யார் வீட்டு வாசலில் ராசாங்கம் கைகட்டி நிற்க வேண்டும் என்று ஊர் நினைத்ததோ, அவர்களின் தோளுக்குத் தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தொண்ணூற்றேழில் அவர் மாரடைப்பில் போனார். துப்பாக்கியைச் சர்க்காரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன், பொய் எதற்கு. அக்கா கேட்கவில்லை. வாரிசு என்று என்னிடம் மனு எழுதச் சொன்னார். பெரிய அதிகாரி நேரில் கூப்பிட்டு விசாரித்தபோது நானும் கூடப் போயிருந்தேன். “உங்களுக்கு யாரால ஆபத்து?” என்று கேட்டார். “இப்ப யாராலயும் இல்லீங்க. இது வூட்டுல இருக்கறதாலதான் இல்லையோ என்னமோ,” என்றார் அக்கா. அதிகாரி சிரித்துவிட்டார். அந்த நிமிஷத்திலிருந்துதான் நான் இவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதுவரை என்னை ஐயா என்றவரும் தம்பி என்றார்.

அன்றிலிருந்து மூன்று தேர்தல். மூன்றிலும் அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். “அந்தப் பெஞ்ச வுட்டா எங்கள வேற எங்க தம்பி ஒக்கார வெச்சாங்க?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்.

இப்போது அந்த லைசென்சுக்குத்தான் கண்டம். எண் தெரியாவிட்டால் துப்பாக்கி போகும். துப்பாக்கி போனால் பெஞ்சும் போகும்.

மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். கூப்பிட்டுத்தான் போனேன். கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை தெருமுனையிலேயே வந்தது. ஒரே மகன் விக்கி. பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறை வைத்திருக்கிறான். வேலைக்காரப் பையன். நசுங்கிய பெட்ரோல் டேங்கைக் கொடுத்தால் முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பான். அவனுக்கு உலகத்தில் எதுவும் பழசாக இருக்கக் கூடாது.

“அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. என் கையில குடுத்தா ரெண்டே நாளு. சக்கரத்துல வெச்சு பாலிஷ் அடிச்சு, துருவ எடுத்து, நிக்கல் ஏத்திக் குடுத்துடுவேன். கோயில் குத்துவௌக்கு மாதிரி மின்னும்.”

“நம்பரு?”

“தேஞ்சிடுந்தான். பழைய லைசென்சுல நம்பரு இருக்குல்ல? அதப் பாத்து புதுசா வெட்டிக்கலாம்.”

“வெட்டிக்கலாம். அப்புறம் உன்னைப் பார்க்க உங்கம்மா ஜெயிலுக்குச் சோறு எடுத்துக்கிட்டு வரணும்,” என்றேன். துப்பாக்கியின் எண்ணைத் தொடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று விளக்கினேன். அவன் முகம் சுண்டிப்போனது.

“இவனுக்கு எதுக்கு இந்த அவசரம்னு கேளு,” என்றார் அக்கா, குழம்பைக் கிண்டிக்கொண்டே.

விக்கி அம்மாவை ஒருமுறை பார்த்தான். பிறகு சொன்னான்: “போன எலெக்சனுக்கு அம்மாவ வண்டியில வெச்சு நாந்தான் ஸ்டேசனுக்குக் கூட்டிப் போனேன். அவனவன் துப்பாக்கி தோல் உறையில பளபளன்னு வருது. எங்கம்மா துணியப் பிரிக்கறாங்க. ஒரு ஆளு எட்டிப் பாத்துட்டு, ‘இது என்ன, தேங்கா ஒடைக்கறதா’ன்னான். அம்புட்டு பேரும் சிரிச்சாங்கண்ணே. எங்கப்பா துப்பாக்கிண்ணே அது.”

அக்கா கிண்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் கரண்டி சட்டியில் இடிக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது. இந்தச் சேதி அவருக்கும் தெரியும், அவன் கேட்டுவிட்டான் என்பதுதான் தெரியாது போலிருக்கிறது. எனக்கு விக்கி மேல் அன்றைக்குத்தான் பிரியம் வந்தது.

அரியலூரில் நல்லுசாமி என்று ஒருவர், துப்பாக்கி பழுதுபார்க்க முறையாக லைசென்ஸ் வைத்திருப்பவர். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினோம். தோட்டாவை வீட்டில் வைத்துவிட்டு, லைசென்ஸை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கூடையைக் கால் நடுவில் இடுக்கிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். மழையில் நனைந்த வெள்ளைச் சேறு ஜன்னலில் வந்து அடித்தது. பக்கத்து சீட்டுக்காரி கூடையில் என்ன என்று கேட்டாள். “எங்கூட்டுக்காரரு,” என்றார் அக்கா. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நல்லுசாமி கடையில் கூட்டம். பெட்டகப் பூட்டு ஒன்றைத் திறந்து போட்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு ரிவால்வரை வாங்கினார். முதலில் லைசென்ஸைப் பார்த்தார், பிறகு துப்பாக்கியை மடக்கி உருளையைச் சுற்றினார், குழலை வெளிச்சத்துக்குக் காட்டி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அப்புறம் அப்படியே நின்றுவிட்டார்.

“இத வெச்சிருந்தது யாரும்மா?”

“எங்கூட்டுக்காரருங்க. இப்ப இல்ல.”

“பட்டாளத்துக்காரரா?”

“எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

“திருகாணியப் பாருங்க. கழட்டிக் கழட்டி மாட்டியிருக்காரு, ஒண்ணுலகூடத் திருப்புளி வழுக்கல. குழலு உள்ளாற கண்ணாடி மாதிரி இருக்குது. நான் முப்பது வருசமா பாக்கறேன், இப்படி ஒரு துப்பாக்கிய நாலஞ்சுதான் பாத்திருப்பேன்.” குழிகளின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். “அதான் எனக்குப் புரியல. இவ்ளோ சுத்தமான ஆளு இந்த மூணு எடத்த மட்டும் ஏன் வுட்டாரு? ஆரம்பத்துல ஒரு துணி, ரெண்டு சொட்டு எண்ணெய், அஞ்சு நிமிச வேல. தெரியாத ஆளும் இல்ல.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். “நாந்தாங்க கெடுத்தேன். சாமி கும்புடறேன்னு சந்தனம் வெச்சு. அவரு ஒரு வார்த்த சொன்னதில்லீங்க.”

நல்லுசாமி ரிவால்வரைத் துணி மேல் வைத்தார். வேலையைச் சொன்னார். மயிரிழை அளவுக்கு இரும்பைத் தேய்த்து எடுத்தால் குழி மட்டமாகும். மேலே பழைய மாதிரியே நீலம் ஏற்றலாம். கடையிலிருந்து வந்த மாதிரி ஆகிவிடும். ஆனால் மிச்சமிருக்கிற மூன்று எண்ணும் மங்கலாகும். தான் செய்த வேலைக்குக் கடிதம் தருவார். அதை ஆபீசில் ஒத்துக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

“சும்மா வுட்டாலும் போவும், தேச்சாலும் போவலாம். அதானங்க?” என்றான் விக்கி.

“சும்மா வுட்டா அழுக்கா போவும். தேச்சா அழகா போவும்,” என்றார் நல்லுசாமி. “முடிவு அம்மாதான் சொல்லணும். எதுவானாலும் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கிட்டு வந்தாத்தான் நான் கை வைப்பேன்.”

திரும்பி வரும்போது பாதி வழி வரைக்கும் அக்கா கூடைத் துணியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தேச்சிடலாம் தம்பி. அனுமதி கேட்டு எழுதிடு. கெடுத்தவ நான். போறதா இருந்தாலும் அவரு வாங்கிட்டு வந்த மாதிரி போவட்டும்.”

விக்கி சந்தோஷப்படுவான் என்று பார்த்தேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அனுமதி மனு என்றால் ஆயுதத்தின் பூர்வோத்திரம் எழுத வேண்டும். எப்போது வாங்கியது, எந்தெந்தத் தேதியில் எங்கே ஒப்படைத்தது, எப்போது திரும்பியது. அடுத்த ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போய், ராசாங்கம் வைத்திருந்த காகிதம் எல்லாவற்றையும் எடுத்துப் போடச் சொன்னேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அக்கா விதை வெங்காயத்தைக் கொட்டி அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். விக்கி டிரங்குப் பெட்டியிலிருந்து மெடல் டப்பாவையும், அதற்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டையும் எடுத்துக் கொடுத்தான்.

பட்டாளத்துக்காரர் புத்தி. போலீஸ் ரிஜிஸ்டரை மட்டும் நம்பாமல், சொந்தமாக ஒரு நோட்டுப் போட்டு, ஒப்படைக்கும்போது ஸ்டேஷன் ரைட்டரையே அதில் எழுதிக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார். திரும்ப வாங்கும்போது கீழே இவர் எழுதிக் கையெழுத்து. அக்காவும் அதே நோட்டைத்தான் கொண்டுபோய்க் கொண்டிருக்கிறார். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கோணல் எழுத்தில் ‘இருசம்மாள்’ என்று கடைசிப் பக்கங்களில் இருந்தது.

நான் தேதிகளைக் குறித்துக்கொண்டே வந்தேன். எழுபத்தேழு, விசேஷமாக ஒன்றுமில்லை. எண்பதாம் வருஷத்துப் பக்கத்தில் என் பேனா நின்றுவிட்டது.

“என்னா தம்பி, பூச்சி அரிச்சிருக்குதா?”

“இல்லக்கா. இருங்க.” அடுத்த பக்கம் புரட்டினேன். அதற்கடுத்த பக்கம். “அக்கா, இத எப்பவாவது படிச்சுப் பாத்தீங்களா?”

“அவரு எழுத்து கூட்டெழுத்து. எனக்கு அச்செழுத்தே எழுத்துக் கூட்டித்தான் வரும். இவனா, பள்ளிக்கூடத்துப் புத்தகத்தையே படிச்சதில்ல. என்னா எழுதியிருக்குது?”

வாசித்தேன். ரைட்டர் எழுதியது: ‘ரிவால்வர் ஒன்று. எண் 74386. வலப்பக்கம் துரு மூன்று இடம்.’ போலீஸ்காரர்கள் இதை எழுதாமல் இருக்க மாட்டார்கள். நாளைக்கு நீதான் துருப்பிடிக்க விட்டாய் என்று பழி வந்துவிடக் கூடாதே. அதற்குக் கீழே ராசாங்கத்தின் கையெழுத்து: ‘திரும்பப் பெற்றுக்கொண்டேன். துரு அல்ல, பொட்டு. மூன்றும் சரியாக உள்ளன.’

அக்கா கையில் இருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டார்.

“இன்னொருக்கா படி.”

படித்தேன். அதோடு எண்பத்துநாலையும் படித்தேன். ரைட்டர் ‘துரு மூன்று இடம்’, கீழே இவர் ‘துரு அல்ல, பொட்டு’. எண்பத்தொன்பதில் மனுஷனுக்குக் கோபமே வந்திருக்கிறது. ‘பொட்டு என்று எழுதும்படி கேட்டுக்கொண்டும் ரைட்டர் துரு என்றே எழுதியுள்ளார். பொட்டு மூன்றும் சரியாக உள்ளன.’ தொண்ணூற்றொன்றில் வந்த ரைட்டர் சலித்துப்போய், ‘வலப்பக்கம் பொட்டு மூன்று’ என்று அவரே எழுதிவிட்டார். கீழே ராசாங்கம், ‘சரி’ என்று ஒரே சொல்.

விக்கி எழுந்து வந்து என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தான்.

“நோட்டக் குடு,” என்றார் அக்கா. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். “இதுல எது அந்த வார்த்த?”

அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். உதட்டை அசைத்து, “பொ... ட்டு,” என்று கூட்டினார். அடுத்த பக்கத்தை அவரே புரட்டினார். அடுத்ததையும். ஒவ்வொரு பக்கத்திலும் விரலை ஓட்டித் தேடி, கண்டுபிடித்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனார். ஏழு இடம் இருந்தது. அவர் போன பிறகு வந்த மூன்று தேர்தலுக்கும் ‘துரு மூன்று இடம்’ என்று மட்டும் இருந்தது. திருத்த ஆளில்லை.

“அப்ப அவருக்குத் தெரியும்,” என்றார் அக்கா. “திங்குதுன்னு தெரிஞ்சுதான் வுட்டு வெச்சிருக்காரு. நான் ஒரு முட்டாச் சிறுக்கி, இத்தினி வருசமா, அவரு பொருளக் கெடுத்துட்டேன், அவரு மனசுல வெச்சுக்கிட்டே போயிட்டாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

ஒரு துருப் புள்ளிக்காகச் சிப்பாய்களை வெயிலில் நிறுத்தி வைத்த மனுஷன், பெண்டாட்டி வைத்த சந்தனத்தைத் துடைக்க மனம் வராமல், தேர்தலுக்குத் தேர்தல் போலீஸ்காரனோடு ஒரு சொல்லுக்காக மல்லுக்கு நின்றிருக்கிறார். எத்தனையோ பேரின் எழுத்தை நான் டைப் அடித்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

“தம்பி, அந்த அனுமதி மனுவ எங்க வெச்சிருக்க?”

“இதோ. பாதிதான் ஆயிருக்கு.”

“கிழிச்சிடு.”

விக்கி தவித்துப்போனான். “எம்மா, இப்ப நானும் தேய்க்கச் சொல்லல. ஆனா நம்பரு தெரியலன்னு லைசென்சு போயிட்டா என்னா பண்றது? அந்தப் பெஞ்சு?”

“அது உங்கப்பன் புடிச்ச எடம்டா. போனா எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். அதுக்காக? இத வழிச்சு எறிஞ்சிட்டு, எதக் கொண்டுக்கிட்டுப் போயி அந்தப் பெஞ்சுல ஒக்காரச் சொல்ற?”

அவர் சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் மூளை வேலை செய்தது. நோட்டை மறுபடி எடுத்தேன். எண்பதிலிருந்து எல்லாப் பக்கத்திலும் முழு எண் இருக்கிறது. அதே வரியில் அந்த மூன்று இடமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஸ்டேஷன் முத்திரை இருக்கிறது. துப்பாக்கியின் எண் அழிந்தாலும், இந்த மூன்று குழியும் இந்த எண்ணுக்குச் சொந்தம் என்று இருபது வருஷமாகப் போலீஸே சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறது. தேய்த்திருந்தால் அந்தச் சாட்சியும் போயிருக்கும். அன்று ராத்திரி நான் டைப் அடித்த மனுவைப் போல ஒன்றை என் சர்வீசில் அடித்ததில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

நவம்பர் இருபத்தாறு. துணை வட்டாட்சியர் பரிமளா மேடம் புதிதாக வந்தவர், கறாரானவர் என்று பெயர். நெற்றியில் பெரிய பொட்டு. லென்சை வைத்து இரண்டு நிமிஷம் பார்த்தார்.

“கடைசி ரெண்டு எண் இல்லையேம்மா. இது லைசென்சுல உள்ள துப்பாக்கிதான்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் மனுவையும் நோட்டையும் நீட்டினேன். மேடம் முதலில் அலட்சியமாகத்தான் புரட்டினார். பிறகு முதல் பக்கத்துக்குப் போனார். ஒரு பக்கம் நோட்டு, ஒரு பக்கம் துப்பாக்கி என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முத்திரையாகச் சரிபார்த்தார். எண்பத்தொன்பதுக்கு வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. தொண்ணூற்றொன்றில் வாய்விட்டே சிரித்துவிட்டார்.

“யாரும்மா இவரு?”

“எங்கூட்டுக்காரருங்க.”

“பொட்டுன்னு எதைச் சொல்றாரு?”

“நான் வெச்சதுங்கம்மா. ஆயுத பூசைக்கு. சந்தனமும் குங்குமமும். அது இரும்பத் தின்னுடுச்சு. போலீசு துருன்னு எழுதுனாங்க, அவரு ஒத்துக்கல.”

மேடம் எண்பத்தொன்பதாம் வருஷத்துப் பக்கத்தை மறுபடி திருப்பிப் பார்த்தார். விக்கி கதவோரத்திலிருந்து எட்டிப் பார்த்தான். மேடம் ஆய்வு அறிக்கையை இழுத்து, பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எதிரில் நின்றே தலைகீழாகப் படிப்பது என் தொழிலில் வருகிற பழக்கம். ‘எண்ணின் கடைசி இரு இலக்கங்கள் சிதைந்துள்ளன. எனினும் காவல் நிலையப் பதிவுகளின்படி ஆயுதம் ஐயமற அடையாளம் காணப்பட்டது. புதுப்பிக்கப் பரிந்துரைக்கலாம். நிரந்தர அடையாளம்: வலப்புறம்...’ இங்கே பேனா நின்றது. ‘துரு’ என்று எழுதத் தொடங்கி, அதை அடித்துவிட்டு, ‘பொட்டு மூன்று’ என்று எழுதினார். அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் போட்டார்.

முத்திரை குத்தி, துப்பாக்கியைத் துணியில் வைத்து இரண்டு கையாலும் எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

“மிச்ச நம்பராவது தங்கணும்மா. இனிமே இது மேல சந்தனம் குங்குமம் எதுவும் வைக்காதீங்க, சரியா?”

“வைக்கறதில்லீங்கம்மா,” என்றார் இருசம்மாள் அக்கா. “அவரு போன அன்னிலேந்து நானும் வெச்சுக்கல, அதுக்கும் வைக்கல.”